ஐம்பதில் பொன்னாடை, அதுவரை காயலான் கடையா?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு போக்குவரத்து ஆணையருக்கும், பழைய உயர்ரகக் கார்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவர்கள் எழுதும் திறந்த மடல்.

2025 ஆகஸ்டில் வெளியான உங்கள் அறிவிக்கைப்படி, 20 வயது தாண்டிய இறக்குமதிக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 80,000 ரூபாய் கட்ட வேண்டும். இங்கேயே தயாரான கார் என்றால் 10,000. இதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களே 2021 ஜூலையில் கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதி என்ன சொல்கிறது? முதல் விற்பனையிலிருந்து 50 வருஷம் நிறைந்து, அசல் வடிவம் மாறாத கார் 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எண் வாங்கிக்கொண்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. அடுத்த முறை புதுப்பிக்க 5,000 போதும். ஆக, 49 வயது இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய் தண்டம். அடுத்த வருஷமே அதே காருக்குப் பொன்னாடை.

பொன்னாடை போர்த்துவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 50-ஐத் தொட ஒரு கார் 49 வரை உயிரோடு இருக்க வேண்டுமே! கார்கள் சாவது 20-க்கும் 40-க்கும் நடுவில்தான். அந்த வயதில் அது புதுசும் இல்லை, அரும்பொருளும் இல்லை. சந்தை விலை அடிமட்டத்தில் கிடக்கும், ரிப்பேர் செலவு உச்சத்தில் நிற்கும். சரியாக அந்த இடத்தில் பார்த்து உங்கள் கட்டணம் அடிக்கிறது.

இந்தக் கணக்கின் கோணலுக்கு ஒரே ஒரு மாடல் போதும். மெர்சிடிஸ் டபிள்யூ124. இந்த நிறுவனம் இந்தியாவில் முதன்முதலில் உற்பத்தி செய்த கார் இதுதான், 1995-இல், புனேயில். அதற்கு முன்பு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய டபிள்யூ124-களும் நம் ஊரில் உண்டு. இரண்டுக்கும் பாடி ஒன்று, சஸ்பென்ஷன் ஒன்று, ஒற்றை வைப்பர்கூட ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாராலும் பேப்பர் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றுக்கு 10,000, மற்றதற்கு 80,000. எட்டு மடங்கு அதிகம் கட்டும் கார் எட்டு மடங்கு புகை விடுகிறதா? அந்தப் பணம் அதன் பிரேக்குக்கும் டயருக்கும் போயிருக்க வேண்டிய பணம்.

உங்கள் வார்த்தைகள் செய்கிற வேலை இதைவிடப் பெரிது. 'ஆயுள் முடிந்த வாகனம்' என்று நீங்கள் வைத்த பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. 2021-ஆம் ஆண்டின் வாகன அழிப்பு விதிகளைப் பிரித்துப் படித்தால், வயதை மட்டும் வைத்து எந்தத் தனியார் காரும் அந்தப் பட்டியலில் விழுவதில்லை. பதிவு செல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது தானியங்கிச் சோதனையில் தகுதியற்றது என்று தீர்ப்பாகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவு இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரே வேண்டாம் என்று எழுதித் தந்திருக்க வேண்டும். டெல்லி வட்டாரத்தின் கதை வேறு. அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வயது வரம்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை வைத்து 2025 ஜூலை 1 முதல் டெல்லி பங்க்குகளில் அந்த வயது தாண்டிய வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் போடக்கூடாது என்று உத்தரவிட்டு, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த செய்தி யார் காதிலும் ஏறவில்லை. "15 வருஷம் ஆச்சுன்னா கவர்மென்ட்டே எடுத்து நசுக்கிடுமாமே?" என்று மதுரையிலும் கோவையிலும் கேட்கிறார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் 'ஓட்டை வண்டியை எடுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டுகின்றன. நல்ல நிலையில் இருக்கும் காரைப் பயந்துபோய் எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

இத்தனைக்கும் மக்கள் மனசு இப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் பழைய பென்ஸ் வாங்குவது என்றால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. வாங்கினவன் ஏமாளி, விற்றவன் கெட்டிக்காரன். பெட்ரோல் செலவுக்குப் பயந்து நல்ல ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, வேன் டீசல் எஞ்சினைப் பொருத்தி, அது குலுக்குகிற குலுக்கலில் டேஷ்போர்டு விரிசல் விட்டதெல்லாம் அந்தக் காலத்துப் புத்திசாலித்தனம். இன்று இருபத்தைந்து, முப்பது வயசுப் பிள்ளைகள் அந்த எஞ்சினைத் தேடிச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் அலைகிறார்கள். கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, ரோட்டில், இப்படி ஒரு கார் ஓடுவதைப் பார்த்தால் நின்று பார்க்கிறார்கள். இந்த நேரம் பார்த்து 'ஆயுள் முடிந்தது' என்கிறீர்கள்.

ஆயுள் முடிந்ததா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? அதைத்தான் இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் புகை. மெர்சிடிஸ் டபிள்யூ123 240டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் டபிள்யூ123 தயாராயின. அதில் ஒரு வகை இது. இதன் ஓ.எம்.616 டீசல் எஞ்சின் நம் ஊருக்கு அந்நியமே இல்லை. லைசென்ஸ் வாங்கி இங்கேயே டெம்போ வண்டிகளுக்கு இந்த எஞ்சினைத் தயாரித்தார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை அடிக்கிறது என்றால் பாதி கேஸில் காரணம் வால்வு இடைவெளி. இந்த எஞ்சினில் அது தானாகச் சரியாகாது, கையால்தான் வைக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ஓட ஓட வால்வு தன் சீட்டில் அமுங்கி உள்ளே போகப் போக, இடைவெளி குறைந்து, ஒருகட்டத்தில் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரெஷன் போகும், டீசல் சரியாக எரியாது, புகை வரும். வால்வு கவரைக் கழற்றி, இரண்டு 14 எம்.எம். ஸ்பேனரும் ஒரு ஃபில்லர் கேஜும் வைத்து எட்டு வால்வையும் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனால் சரி. இறுக்கிப் பிடித்தால் தப்பு, தொளதொளவென்று போனாலும் தப்பு. அடுத்து இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி 115 பார் அழுத்தத்துக்குக் குறையாமல் திறக்கிறதா, பனி மாதிரி தூவுகிறதா, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகு புகைச் சோதனைக்குப் போனால், பழைய டீசலுக்கு விதி வைத்திருக்கும் 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அலகு) அளவுக்குக் கீழே நிற்க முடியும். வால்வைத் தொட்டுப் பத்து வருஷமான அதே கார் அந்தச் சோதனையில் தோற்கும். இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

பெட்ரோலிலும் இதே கதைதான். பாரத் ஸ்டேஜ் 2 என்ற மாசு வரம்புக்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். என்று மத்திய மோட்டார் வாகன விதி 115-இல் நீங்களே வரம்பு போட்டிருக்கிறீர்கள். கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள காரில் ஃப்யூல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஏர் மீட்டருக்கும் நடுவில் உள்ள சின்ன ஓட்டைக்குள் 3 எம்.எம். ஆலன் கீயை விட்டு, காற்று-பெட்ரோல் கலவைத் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே மீட்டர் முள் நகரும். கார்பரேட்டர் வண்டி என்றால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் சோதிக்க வேண்டும். வரிசையில் அணைத்து வைத்திருந்து, ஆறிப்போன எஞ்சினை சோக் இழுத்து ஸ்டார்ட் செய்து, உடனே குழாயைச் செருகினால் எந்தக் காரும் தோற்கும். எத்தனை சோதனை மையங்களில் ஆயில் வெப்பத்தைப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது துரு. பாதுகாப்பைப் பொறுத்தவரை உண்மையான எமன் இதுதான். இதில் எந்தச் சலுகையும் நாங்கள் கேட்கப்போவதில்லை. பழைய காரை மரநிழலில் நிறுத்துவது நம் வழக்கம். வேப்பஞ்சருகு கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியே உள்ளே விழுந்து, வடிகால் ஓட்டையை அடைத்து, மட்கி, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் போதும், பேட்டரித் தட்டும் காலடித் தகடும் அரிக்கத் தொடங்கிவிடும். டபிள்யூ124-இல் ஜாக்கி வைக்கும் இடத்தைப் பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். மூடியைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால், நல்ல தகடு 'டங்' என்னும். அழுகிய தகடு சத்தமே போடாமல் உள்ளே போகும். மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். மெரினாவுக்கும் ஈ.சி.ஆருக்கும் பக்கத்தில் நிற்கிற காரை வருஷத்துக்கு ஒருமுறையாவது இப்படித் தட்டிப் பார்க்க வேண்டும். தகுதிச் சோதனையில் இதைக் கட்டாயமாக்குங்கள். தோற்றால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்துகொண்டு வரட்டும்.

டயரும் அப்படித்தான். வருஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற காரில் டயர் தேயாது, காய்ந்து கல்லாகும். பட்டன் புதுசாக இருக்கிறதே என்று பாஸ் போட்டுவிடுகிறார்கள். பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு எண்களைப் படித்தால் போதும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். அதில் நெடுஞ்சாலையில் 100-இல் போவது தற்கொலை. இதைச் சொல்லும் முதல் ஆட்களாக நாங்கள் இருக்கிறோம்.

ஆனால் சோதனை செய்கிறவருக்குக் காரைத் தெரிந்திருக்க வேண்டும். டபிள்யூ124-இல் பார்க்கிங் பிரேக் காலால் மிதிப்பது. கையால் இழுக்கும் லீவரைத் தேடி, இல்லை என்று எழுதியனுப்பினால் யார் பொறுப்பு? அதன் பின்சக்கர டிஸ்க்குக்குள் சின்ன டிரம் ஒன்று உண்டு. பார்க்கிங் பிரேக் ஷூ அதற்குள் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் இறுகிப்போகும். சக்கர போல்ட் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். பழைய ஜாகுவார் எக்ஸ்.ஜே.வில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அங்கே ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே டிஸ்க்கில் படியும். பிரேக் பிடிக்கவில்லை என்று பேடை மாற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி தோற்கும். மாற்ற வேண்டியது சீலை. 1980 முதல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஸ்பிரிட்டில் பிரேக் அமைப்புக்குப் பச்சை நிற மினரல் ஆயில் மட்டும்தான். அளவு குறைகிறதே என்று யாராவது நல்ல எண்ணத்தில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் பாழாகும். அந்த ஒரு தப்பைத் திருத்துகிற செலவில் சின்னதாக ஒரு புதுக் காரே வாங்கிவிடலாம்.

1990-களின் நடுப்பகுதி மெர்சிடிஸ்களுக்கு வேறொரு சாபம், எஞ்சின் வயரிங். அந்தச் சில ஆண்டுகளில் போட்ட வயர் உறை சூட்டில் பொரிந்து, தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நடுங்கும், மிஸ் அடிக்கும், மீட்டரில் ஹைட்ரோகார்பன் எகிறும். வெளியே இருந்து பார்க்கிறவர் எஞ்சின் போச்சு, தூக்கிப் போடு என்பார். எஞ்சின் அருமையாக இருக்கும். வெப்பம் தாங்கும் வயரில் ஹார்னஸை (வயர்க் கட்டை) மறுபடி கட்டினால் இன்னும் இருபது வருஷம் ஓடும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் பெட்ரோலிய அமைச்சகத்திடம் நீங்கள்தான் பேச வேண்டும். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு அளந்து வைத்த கார்பரேட்டர் ஜெட்டுக்கு இது ஏறக்குறைய 8 சதவீதம் பற்றாக்குறையாக எரியும். எஞ்சின் சூடாகும், எடுப்பு குறையும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் நீண்ட நாள் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கக்கூடும். அந்தத் துரு ஃப்யூல் டிஸ்ட்ரிபியூட்டரின் முடி அகலத் துளைகளை அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸ் மெழுகு மாதிரி இளகும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் நாங்களே சொல்லிவருகிறோம். கார்பரேட்டரின் டயஃப்ரத்தையும் ஜெட்டையும் அப்படி எளிதில் மாற்ற முடிவதில்லை. பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனாலுக்கு மாறியபோது, அதிக ஆக்டேன் பெட்ரோலில் 5 சதவீத வகையைப் பழைய கார்களுக்காகவே விட்டுவைத்தது.

வெளிநாட்டுப் பேச்சை எடுத்ததால் இன்னொன்றும். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று வாகனம் என்று சொல்வது 30 வயதை. ஜெர்மனி 1997-இலேயே 30 வயது காருக்குத் தனி எண் பலகை கொண்டுவந்தது. வயதை வைத்து மட்டும் தருவதில்லை, அசல் நிலையில் நன்றாக இருக்கிறது என்று வல்லுநர் அறிக்கை வேண்டும். அப்படித் தேறியதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 192 யூரோ ஒரே வரி, மாசுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களுக்குள் போகவும் அனுமதி. அங்கே டாக்ஸியாக அடிபட்ட டபிள்யூ124 இன்று அந்தப் பலகையோடு ஓடுகிறது. உலகத்துக்கே கார் செய்து விற்கிற நாடு பழசை நசுக்கித்தான் புதுசை விற்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

நம் ஊரில் காக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சென்னைப் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு சொகுசுக் காரைச் செய்தது. ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு, உள்ளே 1,991 சி.சி. பழைய எஞ்சின். உடம்புக்கும் உயிருக்கும் பொருத்தமில்லாத கல்யாணம்தான். 1988-லேயே கதை முடிந்தது. ஆனால் சென்னையில் செய்த சொகுசுக் கார் அது, நம் தொழில் சரித்திரம். மிச்சமிருக்கிற வண்டிகளில் முதல் வண்டிக்கே 2035-இல்தான் 50 நிறையும். அதுவரை அது உங்கள் கணக்கில் வெறும் பழைய வண்டி. காப்பீட்டுக் கட்டண விதியோ இன்னும் பின்னால் நிற்கிறது. அதில் 'விண்டேஜ்' என்றால் 1940-க்குள் தயாரானது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட காரின் மதிப்பு பேசித் தீர்க்கும் விஷயம் என்று விட்டிருப்பதால், பேசத் தெரியாதவரின் காருக்கு இரும்பு விலைதான்.

தினமும் ஓட்டி ஊரைப் புகைமூட்டமாக்க லைசென்ஸ் கேட்கவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்காகவும் இதை எழுதவில்லை. அவர்கள் வணிகக் கட்டணம் கட்டட்டும். கேட்பது இவைதான்.

30 வயது நிறைந்த, அசல் நிலையில் உள்ள தனியார் கார்களுக்கு, 50 வயது விதிக்கு முன்படியாக ஒரு தனிப் பிரிவை மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேருங்கள். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வையுங்கள், ஓடோமீட்டரைப் புகைச் சான்றில் பதியச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். இந்தப் பிரிவில் இறக்குமதிக் காருக்கும் உள்நாட்டுக் காருக்கும் ஒரே கட்டணமாக, 50 வயதுக் காரின் பதிவைப் புதுப்பிக்க வாங்குகிற 5,000 ரூபாயையே வாங்குங்கள். 20 முதல் 30 வயது வரை உள்ள கார்களுக்கும் இறக்குமதி என்பதற்காக விதித்த எட்டு மடங்கை எடுத்துவிடுங்கள்.

டீசலுக்கு மாற்றிய காரில் அதே மாடலின் அசல் எஞ்சினைத் திரும்பப் பொருத்தினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் திருத்தம் செய்ய நேரான ஒரு வழி கொடுங்கள். அப்படித் திரும்பிய காரை அசல் என்றே கணக்கில் எடுங்கள்.

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களே, மண்டலத்துக்கு ஒரு சோதனை மையத்திலாவது பழைய கார்களுக்கென்று மாதத்தில் ஒருநாள் ஒதுக்குங்கள். அன்று எஞ்சின் சூடான பிறகே புகைச் சோதனை, டயரின் தேதி எண், ஜாக்கி முனைத் துருச் சோதனை மூன்றும் கட்டாயமாகட்டும். சோதிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் மூத்த மெக்கானிக்குகள் சம்பளம் வாங்காமல் வருவார்கள்.

அழிப்பு மையத்துக்கு வரும் 25 வயதுக்கு மேற்பட்ட கார்களின் மாடலையும் ஆண்டையும் நசுக்குவதற்கு 30 நாள் முன்பே இணையத்தில் போடச் சொல்லுங்கள். கதவுக் கண்ணாடி, கியர்பாக்ஸ், மீட்டர் போர்டு எதுவானாலும் தேவைப்படுகிறவர் பில் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அடித்தட்டின் சேஸிஸ் எண்ணை அழித்துவிட்டால் முறைகேட்டுக்கு இடமில்லை.

பெரிய நகரங்களில் ஒரு வகைப் பெட்ரோலையாவது எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்கும்படி பெட்ரோலிய அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

கடைசியாக, தனியார் காரை வயது ஒன்றை மட்டும் வைத்துத் தமிழ்நாட்டில் யாரும் பறிமுதல் செய்யவோ நசுக்கவோ முடியாது என்பதைத் தமிழில், ஒரே பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். இதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை. அடுத்த வாரமே செய்யலாம்.